அளவு ஒன்றுதான், தாங்கும் எடை ஒன்றல்ல

கேள்வி: ஐயா, கேத்தி பாலாடாவில் கேரட் பயிரிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினேன். வாரத்தில் நான்கு நாள் கழுவிய கேரட்டை ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறேன். விலை பார்த்துச் சில நாள் கோயம்புத்தூர் எம்.ஜி.ஆர். மார்க்கெட் வரை போவதும் உண்டு. ஒரு நடைக்கு 20 மூட்டை, மூட்டைக்கு 65 கிலோ. என்னுடன் ஒரு ஆள் வருவார். ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடை 1,640 கிலோ, மொத்த எடை 2,900 கிலோ, பின் அச்சு எடை 1,900 கிலோ என்று போட்டிருக்கிறது.

முன் டயர்களில் 215/75 ஆர் 15 எல்.டி. 106/103 க்யூ, 8 பிளை என்று எழுதியிருக்கிறது. கதவோரத் தகட்டிலும் அதேதான். பின் டயர்களை முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார். அவற்றில் 215/75 ஆர் 15 100 எஸ் என்று மட்டும் இருக்கிறது. இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒன்றின் பக்கவாட்டில் சிறிய புடைப்பும் தெரிகிறது. கடைக்காரர், "அளவு ஒன்றுதான், 100 எஸ் விலை குறைவு, அதையே போடுங்கள்" என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர், "235/75 போடு, அகலமாக இருந்தால் பிடிமானம் அதிகம்" என்கிறார். இன்னொருவர் 7.00-15 நைலான் டயரை டியூபோடு போடச் சொல்கிறார். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது என்று இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்திருக்கிறேன். எதைப் போடுவது? பின்னால் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

எந்த டயர் என்பதை அப்புறம் பேசுவோம். முதலில் அந்தப் புடைப்பு. அந்தச் சக்கரத்தோடு இனி ஒரு மூட்டைகூட ஏற்றாதீர்கள். புடைப்பு மேல்ரப்பரின் கோளாறு அல்ல. டயரின் பக்கச்சுவருக்குள் ஓடும் நூலிழைகள் அறுந்த இடத்தில்தான் காற்று ரப்பரை வெளியே தள்ளும். அந்த இடத்தில் இப்போது வெறும் ரப்பர்தான் காற்றைப் பிடித்து நிற்கிறது. அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பர்லியாறு தாண்டிக் கல்லாறு நோக்கி இறங்கும்போது, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் இடத்தில் பின் டயர் வெடித்தால் பாரத்தோடு வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பஞ்சர் கடையில் உள்ளே பேட்ச் வைத்துத் தருகிறோம் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கச்சுவர்க் காயத்துக்கு அது வைத்தியம் ஆகாது. ஸ்டெப்னி நல்ல நிலையில் இருந்தால் அதை மாட்டி, வெறும் வண்டியாகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே பதில் பாதி இருக்கிறது. முன் டயரிலும் கதவோரத் தகட்டிலும் இருப்பதையே பின்னாலும் போடுங்கள்: 215/75 ஆர் 15 எல்.டி., சுமை எண் 106 அல்லது அதற்கு மேல். கடைக்காரர் சொல்லும் 100 எஸ் வேண்டாம், 235 வேண்டாம், நைலானும் வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அடுத்த முறை கடையில் நிற்கும்போது நீங்களே எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

215/75 ஆர் 15 என்பது டயரின் உருவத்தை மட்டும் சொல்கிறது. 215 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்தில் 75 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 அங்குல ரிம்மில் உட்காரும். டயர் எவ்வளவு எடையைத் தாங்கும் என்ற செய்தி இதில் எங்கும் இல்லை. அது அடுத்து வரும் எண்ணில் இருக்கிறது. இந்தச் சுமை எண் உலகம் முழுவதும் ஒரே அட்டவணைப்படி போடப்படுவது: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 102 என்றால் 850, 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000 கிலோ. உங்கள் முன் டயரில் 106/103 என்று இரண்டு எண்கள் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். முதல் எண் பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள வண்டிக்கு, இரண்டாவது எண் பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு. உங்களுடையது ஒற்றைச் சக்கரம், ஆகவே 106. கடைசியில் வரும் எழுத்து வேகத்துக்கானது. க்யூ 160 கிலோமீட்டர், எஸ் 180 கிலோமீட்டர். எஸ் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள். கேரட் வண்டிக்கு அந்த வேகம் எதற்கு?

இப்போது உங்கள் பின் அச்சுக்கு வருவோம். ஆர்.சி. புத்தகம் அனுமதிக்கும் பின் அச்சு எடை 1,900 கிலோ. இரண்டு டயர் தாங்க வேண்டும், ஆளுக்கு 950. அதாவது சரியாகச் சுமை எண் 106. வண்டியைச் செய்தவர்கள் அந்த டயரைக் கணக்குப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். சுமை எண் 100 உள்ள டயர் இரண்டு சேர்ந்து தாங்குவது 1,600 கிலோ. சட்டம் அனுமதிக்கும் பாரத்துக்கே 300 கிலோ குறைவு. முந்தைய உரிமையாளர் செய்த மாற்றம் முதல் நாளிலிருந்தே தவறு.

நீங்கள் உண்மையில் ஏற்றுவது இன்னும் அதிகம். 20 மூட்டை, 65 கிலோ வீதம் 1,300 கிலோ. இரண்டு பேர் எடை 140 என்று வைத்துக்கொள்கிறேன். வெற்று எடை 1,640. கூட்டினால் 3,080. பிக்கப்பில் சரக்குத் தொட்டியின் பெரும்பகுதி பின் அச்சின் மேலேயே அமர்ந்திருப்பதால், ஏற்றும் சரக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பின்னால்தான் இறங்கும். வெறும் வண்டியில் பின் அச்சு 740 கிலோ சுமக்கிறது என்று கொண்டால், பாரத்தோடு அது 1,970 கிலோவை எட்டிவிடும். ஒரு டயருக்கு 985. உங்கள் பின் டயர் ஒவ்வொன்றும் அதற்கு விதித்த எல்லையைவிட 185 கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டு வாரம் நான்கு நாள் மலை இறங்கியிருக்கிறது. புடைப்பு வந்தது பள்ளத்தில் அடித்ததால் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பள்ளம் கடைசிக் காரணமாக இருந்திருக்கும். பக்கச்சுவரை அதற்கு முன்பே பலவீனப்படுத்தியது இந்தப் பாரம்.

740 என்பதும் பத்தில் ஒன்பது என்பதும் என் மதிப்பீடுகள். உங்கள் வண்டிக்கான சரியான எண்ணை ஒரு நாளில் தெரிந்துகொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் மண்டிகளைச் சுற்றி எடைமேடைகள் இருக்கின்றன. வழக்கமான பாரத்தோடு முதலில் முழு வண்டியையும் நிறுத்தி எடை போடுங்கள். பிறகு முன் சக்கரங்கள் மேடையை விட்டு வெளியேறும் அளவுக்கு நகர்த்தி, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு சீட்டு வாங்குங்கள். இரண்டாவது சீட்டில் வருவதுதான் உங்கள் பின் அச்சு எடை. அதைப் பாதியாக்கினால் டயருக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். மூட்டை எடையை மனக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். கழுவும் இயந்திரத்திலிருந்து நேராக மூட்டை கட்டிய கேரட்டில் ஈரமும் சேர்ந்தே வண்டியில் ஏறுகிறது. மண்டித் தராசில் காண்கிற எடையைவிட உங்கள் டயர் கேத்தியில் சுமக்கத் தொடங்கும் எடை அதிகம்.

பட்டை சேர்த்ததைப் பற்றி. இது நம் பகுதியில் பலரும் செய்வது, அதனாலேயே கவலைப்பட வைக்கிறது. கூடுதல் பட்டை வண்டியைத் தாழாமல் நிறுத்துகிறது, அவ்வளவுதான். அச்சு, பேரிங், பிரேக், ரிம், டயர் ஆகிய எதனுடைய தாங்கும் திறனும் அதனால் ஒரு கிலோகூட உயர்வதில்லை. முன்பெல்லாம் பின்பக்கம் தாழ்ந்து, "பாரம் அதிகம்" என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் நின்றுவிட்டது. வண்டி நேராக நிற்கிறது, டயர் மட்டும் அடியில் நசுங்குகிறது. பட்டையைக் கழற்றுவதா என்பதை உங்கள் மெக்கானிக்கோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் அதை நம்பி மூட்டையைக் கூட்டாதீர்கள்.

மலைப்பாதைக்கு என்று தனியாக ஒரு கணக்கு உண்டு. குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இறுக்கமான வளைவில் திரும்பும்போதுகூட, உயரமாக அடுக்கிய பாரத்தின் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது. உங்களைப் போன்ற பாரத்தில் வெளிப்பக்கப் பின் டயர்மீது அந்த நேரத்தில் ஏறத்தாழ 200 கிலோ கூடும் என்பது என் கணிப்பு. ஓட்டும்போது இப்படிக் கூடிக் குறையும் சுமையையும் கருத்தில் கொண்டுதான் டயருக்குச் சுமை எண் தருகிறார்கள். சரியான டயருக்கு இது ஒரு பொருட்டல்ல. நேர்ச்சாலையிலேயே எல்லையைத் தாண்டி நிற்கும் டயருக்கு ஒவ்வொரு வளைவும் ஓர் அடி.

எல்.டி. என்ற எழுத்துக்களுக்கும் பொருள் இருக்கிறது. இலகு ரகச் சரக்கு வண்டிக்கான டயர் என்பதன் குறி அது. அதன் உள்கட்டு உறுதியானது. 8 பிளை என்பது இன்றைய டயர்களில் எட்டு அடுக்கு நூல் இருக்கிறது என்பதைக் காட்டுவதல்ல, அந்த வலிமைக்கு நிகரானது என்பதைக் காட்டுவது. 100 எஸ் என்று மட்டும் எழுதியிருப்பது கார், ஜீப் வகை வண்டிகளுக்கான டயர். பயணிகளைச் சுமக்க அது நல்ல டயர்தான். குறைந்த அழுத்தத்தில், மெத்தென்று ஓடும். அதன் 800 கிலோ திறன் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வாக்கிலேயே முழுமை அடைந்துவிடுகிறது. அதற்கு மேல் 60, 65 என்று காற்றை ஏற்றினால் தாங்கும் எடை கூடாது. டயர் விறைத்து, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, அடி பட்டால் சுலபமாக உடையும். "கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடித்துக்கொண்டால் தாங்கும்" என்று பங்க்கில் யாராவது சொன்னால் அது எல்.டி. டயருக்கு ஓரளவு பொருந்தும், அதுவும் பக்கச்சுவரில் எழுதிய எல்லை வரைதான். கார் டயருக்குப் பொருந்தாது.

இதே காரணம்தான் 235/75 ஆர் 15-க்கும். இந்த அளவில் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஜீப் வகை டயர்கள், சுமை எண் 105. அதாவது 925 கிலோ, இரண்டுக்கும் 1,850. அகலமாக இருந்தும் உங்கள் பின் அச்சுக்கு 50 கிலோ போதவில்லை. அமெரிக்கத் தர விதிகளில் கார் வகை டயரைச் சரக்கு வண்டியில் மாட்டினால் அதன் திறனை 1.10-ஆல் வகுத்துக் குறைத்தே கணக்கிடுகிறார்கள். சரக்கு வண்டியில் டயர் படும் பாடு வேறு என்பதால்தான் அந்த விதி. அப்படிப் பார்த்தால் 925 என்பது 841 ஆகிவிடும்.

விட்டமும் மாறுகிறது. உங்கள் டயரின் வெளிவிட்டம் 703.5 மில்லிமீட்டர். 235/75-இன் விட்டம் 733.5. நான்கு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான இந்த வேறுபாடு சமவெளியில் பெரிதாகத் தெரியாது. மலையில் தெரியும். சக்கரம் பெரிதாவதால் ஒவ்வொரு கியரும் சற்று உயர்ந்த கியராகிவிடுகிறது. உரமும் அரிசியும் ஏற்றி மேலே வரும்போது எஞ்சின் திணறும், கிளட்ச் தேயும். இறங்கும்போது எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலம் குறையும். அதே வேகத்தைக் குறைக்கப் பிரேக் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 62.5 கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும் கொண்டை ஊசி வளைவில் முன் டயர் மட்கார்டில் உரசலாம். 235 அகல டயருக்குக் குறைந்தது 6 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். சில பிக்கப் ரிம்கள் 5.5 அங்குலம்தான். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, வளைவில் டயர் ஆடும். பிடிமானத்துக்கு என்று மாட்டியதே பிடிமானத்தைக் கெடுத்துவிடும்.

உங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அந்த டயர் ஒத்துப்போயிருக்கலாம். அவர் ஏற்றுவது பச்சைத் தேயிலையாக இருந்தால், தொட்டி நிறைந்தாலும் எடை அவ்வளவு ஏறாது. கேரட்டுக்கும் தேயிலைக்கும் ஒரே டயர் யோசனை செல்லாது.

7.00-15 நைலானைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. பாரம் தாங்குவதில் அது குறைந்ததல்ல. மண் பாதையில் அடி வாங்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் வெளிவிட்டம் 750 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கிறது, 235-ஐவிடவும் பெரிது. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்ற சேர்க்கை இன்னும் மோசம். ரேடியலும் நைலானும் திருப்பத்தில் வளைந்து கொடுக்கும் விதம் வேறு. பின்பக்கம் முன்பக்கத்துக்கு முன்னால் பிடியை விடும். ஈரச் சாலையில், அதுவும் இறக்கத்தில், வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும் வாய்ப்பு இதில்தான் அதிகம். ஒரே அச்சில் இரண்டையும் கலப்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

சட்டமும் இதில் வருகிறது. சரக்கு வண்டியின் ஆர்.சி.யில் ஒவ்வொரு சக்கரத்துக்குமான டயரின் எண்ணிக்கை, வகை, அளவு ஆகியவற்றையும் அச்சு எடையையும் பதிய வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் ஆர்.சி.யில் என்ன அளவு பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வேறு அளவு டயரோடு எஃப்.சி.க்குப் போனால் சிக்கல். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் புரட்டும் பக்கங்களில் அதுவும் ஒன்று.

சரியான டயரை மாட்டினாலும் அதைத் தாங்க வைப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். உங்கள் அளவில் சுமை எண் 106 உள்ள எல்.டி. டயர் 950 கிலோவைத் தாங்குவது 65 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில். அதே டயரில் 50 பி.எஸ்.ஐ. மட்டும் இருந்தால் அது ஏறத்தாழ 800 கிலோ டயர் ஆகிவிடுகிறது. அதிக விலை கொடுத்து வாங்கியதன் பலன் முழுவதும் போய்விடும். ஆகவே பாரம் ஏற்றும் நாளில் பின்னால் எவ்வளவு, முன்னால் எவ்வளவு என்பதைக் கதவோரத் தகட்டில் பார்த்து அப்படியே வையுங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள உச்ச அளவைத் தாண்டாதீர்கள். ரிம்முக்கும் தனியாக எடை, அழுத்த எல்லைகள் உண்டு. பழைய வண்டியில் ரிம் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், டயரைக் கழற்றும்போது ரிம்மில் பொறித்திருப்பதையும் விரிசல், துரு, நெளிவு ஏதாவது இருக்கிறதா என்பதையும் கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்கள்.

காற்றை விடியற்காலையில், வண்டி கிளம்பும் முன் பாருங்கள். கேத்தியில் காலை 10 டிகிரி இருக்கும்போது 65 வைத்தீர்கள் என்று கொள்வோம். மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி. வெப்பநிலை மாற்றத்தால் மட்டும் ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. கூடும். 2,000 மீட்டருக்கு மேலிருந்து 300 மீட்டர் வாக்கிலுள்ள ஊருக்கு இறங்குவதால் வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் அதிகமாகி, மானி காட்டும் அளவு இரண்டரை பி.எஸ்.ஐ. போலக் குறையும். ஒன்றையொன்று கழித்தால் மூன்று, மூன்றரை கூடுதலாகக் காட்டும். ஓடி வந்த சூடும் பிரேக் சூடும் சேர்ந்து அதை இன்னும் உயர்த்தும். இதைப் பார்த்துப் பயந்து மேட்டுப்பாளையத்தில் காற்றை இறக்கிவிடுகிறார்கள். செய்யவே கூடாத காரியம் அது. டயர் ஆறியதும் அழுத்தம் குறைந்து போய்விடும். அந்தக் குறைந்த காற்றோடு பாரமும் தாங்கிக் கோயம்புத்தூர்ச் சாலையில் வெயிலில் 70, 80 வேகத்தில் போகும்போதுதான் பக்கச்சுவர் வளைந்து வளைந்து உள்ளே சூடாகிறது. மலையில் பிழைத்த டயர் சமவெளியில் வெடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

வெறும் வண்டியாகத் திரும்பும் நாட்களில் 65 பி.எஸ்.ஐ. பின்பக்கத்தைத் தூக்கி அடிக்கும், மழையில் ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நழுவும். வெறும் வண்டிக்குத் தகடு வேறு அளவு தந்திருந்தால், மறுநாள் பாரம் இல்லை என்று தெரிந்தால் மட்டும் வீட்டில், டயர் ஆறிய பிறகு இறக்குங்கள். தினமும் ஏற்றி இறக்கும் வேலையில் ஒரு நாள் மறந்துவிட்டால் நட்டம் பெரிது. உங்களைப் போல் வாரம் நான்கு நாள் ஓட்டுகிறவர் பார அழுத்தத்திலேயே வைத்துக்கொண்டு, திரும்பும்போது மெதுவாக வருவதே நல்லது என்பது என் கருத்து.

மூட்டை எண்ணிக்கையைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 106 டயர் போட்டாலும் 20 மூட்டையில் டயருக்கு 985 கிலோ வருகிறது, எல்லை 950. மொத்த எடையிலும் 180 கிலோ மீறல். 108 போட்டால் டயர் தாங்கும், ஆனால் அச்சும் பிரேக்கும் 1,900-க்கே செய்தவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-ஆம் பிரிவின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். உங்கள் 2,900 கிலோவில் வண்டியும் இரண்டு ஆட்களும் போக மிஞ்சுவது 1,120 கிலோ, அதாவது 65 கிலோ மூட்டை 17. அப்போது பின் டயருக்கு ஏறத்தாழ 900 கிலோ. 106-க்குள் அடங்கி, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. மூன்று மூட்டையைக் குறைப்பது கேரட் விலை சரிந்த வாரத்தில் எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன். கழுவிய கேரட்டைச் சற்று நேரம் நீர் வடிய விட்டு மூட்டை கட்டுவதும், கனமான மூட்டைகளைக் கேபினை ஒட்டி முன்னால் அடுக்குவதும் பின் அச்சுக்கு உதவும். கடைசிப் பலகைக்கு வெளியே ஒரு மூட்டைகூடத் தொங்கக் கூடாது.

இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். முன் டயர்கள் 106 எல்.டி. தானே. அவற்றின் மேல்ரப்பரில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, பக்கச்சுவரில் வெடிப்பு இல்லாமல் இருந்தால் போதும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. அந்த ஆழத்தில் வடகிழக்குப் பருவமழை நாளில் நானாக இருந்தால் இறங்க மாட்டேன். புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே வகையாக இருக்கட்டும். தோட்டத்துச் செம்மண் பாதைக்காக முரட்டுப் பட்டன் உள்ள டயரைத் தேடாதீர்கள். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை. நனைந்த தாரில் அத்தகைய டயர் தரையைத் தொடும் பரப்பு குறைவு. நடுவில் நேர்க்கோடும் ஓரத்தில் வெட்டும் உள்ள கலப்பு வகை போதும். ரீட்ரெட் டயர், அதாவது தேய்ந்த டயரில் புது மேல்ரப்பர் ஒட்டியது, இந்தப் பாரத்துக்கும் இந்த இறக்கத்துக்கும் வேண்டாம். உங்கள் பழைய பின் டயர்களை ரீட்ரெட் செய்வது பேச்சுக்கே இடமில்லாதது.

வாங்கும்போது பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். அதன் மேல் இருக்கும் எண் உங்களுக்கு ஒரு நல்ல சாட்சி: கார் டயர்களுக்கான இந்தியத் தரம் 15633, சரக்கு வண்டி வகை டயர்களுக்கானது 15636. கடைக்காரர் எல்.டி. என்று சொல்லி 15633 உள்ள டயரை எடுத்து வைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு தயாரித்த தேதி. நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம். ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்த டயருக்கு முழு விலை கொடுக்காதீர்கள். ஸ்டெப்னியின் தேதியையும் சுமை எண்ணையும் அன்றே பாருங்கள். அதுவும் முந்தைய உரிமையாளர் போட்ட 100 எஸ் ஆக இருந்தால், பாரத்தோடு பின்னால் மாட்ட உதவாது. கையில் பணம் இருந்தால் மூன்றாக வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த அறுவடையில். அதுவரை ஸ்டெப்னி மாட்ட நேர்ந்தால் பாரத்தைப் பாதி இறக்கிவிட்டுத்தான் நகர வேண்டும்.

புதிய டயர் மாட்டும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். 65 பி.எஸ்.ஐ.க்கு ஏற்ற வால்வு வேண்டும். சாதாரணக் கார் ரப்பர் வால்வுக்கு அந்த அழுத்தமே எல்லை. எந்தக் கியரில் அந்தப் பாரத்தோடு ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். கால் பிரேக்கிலேயே இருந்தால் டிரம்மின் சூடு ரிம் வழியாக டயரின் ஓரக்கட்டுக்கும் வால்வுக்கும் போய்ச் சேரும். டயர் மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்தின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஓட்டத்தில் அது முதல் நடை முடிந்து மேட்டுப்பாளையத்தில் மூட்டை இறக்கும் நேரமாக இருக்கும்.